வயசுக்கு ஒரு பிடி

அந்தத் தெருவில் கீதாஞ்சலியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கன்வாடி வேலைக்கு வந்த புதிதில் 'டீச்சர்' என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காகப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறத் தொடங்கியதும் 'காலேஜ்' என்று மாற்றிவிட்டார்கள். "காலேஜ் போவுது பாரு", "காலேஜ் இன்னிக்கு இன்னா கொழம்பு வச்சிச்சாம்?" மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை அது. மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தவளின் மகள், முப்பத்து நாலு வயதிலும், நாலு வயதுப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, தோளில் பை மாட்டிப் படிக்கப் போய்க்கொண்டிருந்தால் தெரு சும்மா விடுமா?

மூன்று வருடப் படிப்பு ஐந்து வருடமாக இழுத்தது. தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சமூகவியல். இங்கிலீஷ் பேப்பர் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. கூனிமேடு தாண்டும்போது ஒரு பாடம், பெரிய முதலியார்சாவடி வரும்போது இன்னொரு பாடம் என்று பஸ்ஸிலேயே படித்து, மூன்றாவது தடவை எழுதித் தேறினாள். டிகிரி கையில் இருந்தால் சூபர்வைசர் பதவிக்குப் போகலாம். அதற்காகத்தான் இத்தனை பாடும். இனி பாக்கி ஒரே ஒரு ஆய்வறிக்கை. தன் மையத்துக்கு வரும் இருபத்திரண்டு குழந்தைகளின் இரண்டு வருட எடையை வைத்து ஐம்பது பக்கம் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'இதிலுள்ள விவரங்கள் உண்மையானவை' என்று மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை கடைசி வெள்ளிக்குள் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் வீண்.

வினை அந்த அறிக்கையிலேயே இருந்தது.

குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கும் மதிய நேரத்தில் அவள் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு மெல்ல மெல்ல ஏற வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருந்தது. இவள் இழுத்த கோடுகளில் பாதி அப்படி இல்லை. மாதக்கணக்கில் படுத்தே கிடக்கும், திடீரென்று ஒரு மாதம் எகிறும், மறுபடி படுத்துக்கொள்ளும். பொன்னியின் மகன் சித்தார்த்தனுடையது ஜூன் மாதம் எகிறியிருந்தது. வேறொருத்தனுடையது பொங்கலுக்குப் பிறகு. எந்த மாதம் யாருக்கு எகிறுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவளுக்குப் பக்கத்திலிருந்த பிறந்த தேதிப் பட்டியல் கண்ணில் பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் சரியாகப் பிறந்த மாதத்தில்தான் எடை கூடியிருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்தே தெரியும்.

எடை போடும் நாளில் அந்தத் தெருக் குழந்தைகளின் இடுப்பில் உப்பு முடிச்சு இருக்கும். ஊர் பார்க்கப் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு, இத்தனை கிலோ என்று சத்தமாகச் சொன்னால் கண் படாதா? அதற்குக் காவலாக, பழைய சேலைத் துணியில் கல் உப்பை முடிந்து, அரைஞாண் கயிற்றோடு கட்டி, மேலே டவுசரைப் போட்டுவிடுவார்கள். வயதுக்கு ஒரு பிடி. இரண்டு வயதுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. எடை போட்டு முடிந்ததும் அந்த உப்பைக் கழுவெளி ஏரித் தண்ணீரில் கரைத்துவிட்டால் பட்ட கண் கரைந்து போகும். கீதாஞ்சலிக்கும் சின்ன வயதில் அவள் அம்மா கட்டியிருக்கிறாள். ஏழு வருடமாகக் குழந்தைகளைத் தூக்கித் தராசில் வைக்கிறாள். முடிச்சு கையில் இடறாத நாளே இல்லை. ஒரு நாளாவது அது எடையில் சேரும் என்று தோன்றியதா? தாயத்தைக் கழற்றிவிட்டா எடை போடுகிறோம் என்கிற மாதிரிதான் அதுவும்.

அங்கன்வாடியில் சமைப்பவள் வேலம்மாள். உதவியாளர் என்று பேர், உதவி செய்து யாரும் பார்த்ததில்லை. முப்பது வருடம் உப்பு சுமந்துவிட்டு வந்தவள்.

"வேலம்மாக்கா, இந்தப் பருப்புத் தராசுல ஒரு பிடி உப்பு அள்ளிப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்களேன்."

வேலம்மாள் போட்டாள். நூற்று முப்பது கிராம். மூன்று பிடி என்றால் நானூறு கிராமுக்குப் பக்கம். கீதாஞ்சலி பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு எடையிலிருந்தும் கழித்துப் பார்த்தாள். சரியான எடை என்று பச்சையில் இருந்த குழந்தைகள் பல மஞ்சளுக்கு இறங்கின. மஞ்சளில் இருந்த ஆறு குழந்தைகள் சிவப்புக்கு இறங்கின. சிவப்பு என்றால் கடுமையான எடைக்குறைவு. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காட்ட வேண்டும், சத்துமாவு கூடுதலாகத் தர வேண்டும். இரண்டு வருடமாக அந்த ஆறு குழந்தைகளுக்கு எதுவுமே நடக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட வேலம்மாள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "உன் அம்மா உயிரோட இருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பா. முடிச்சு மேல கை வச்சின்னா நாளைக்கே நான் வேலைக்கு வர மாட்டேன்."

"வராத மாதிரிதானே இப்பவும் இருக்கீங்க" என்று கீதாஞ்சலி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜூலை முதல் வாரம் எடை நாள் வந்தது. விடிகாலையில் உப்புப் பாத்திக்குப் போன பெண்கள் பத்து மணிக்குத் திரும்பி, முழங்கால் வரை உப்பு பூத்த காலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். உத்தரத்தில் தராசு தொங்கியது. அதன் கொக்கியில் குழந்தையை உட்காரவைக்கும் துணிப்பை. கீதாஞ்சலி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இன்னிக்கு முடிச்ச அவுத்துட்டுதான் எடை போடப் போறேன். முள்ளு பாத்ததும் நீங்களே மறுபடி கட்டிக்கலாம்."

பொன்னி முன்னால் வந்தாள். கீதாஞ்சலியும் அவளும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. வகுப்பில் முதல் மார்க் எப்போதும் பொன்னிதான். பத்தாவது முடித்த கையோடு அவளை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டார்கள், கீதாஞ்சலி பன்னிரண்டு வரை போனாள். அன்றிலிருந்து பொன்னி அவளோடு நேராகப் பேசியது கிடையாது, பேசினால் குத்தல்தான்.

"ஏன்டி, உப்பில்லாம தொங்க வுட்டு ஊரே கேக்க கிலோ சொல்லுவ. கண்ணு பட்டா உன் காலேஜ் வந்து சுத்திப் போடுமா?"

"முடிச்சோட போட்டா உப்போட எடையும் சேந்து வருது பொன்னி."

"உப்புக்கு இன்னாடி எடை?"

இதைக் கேட்டவள் அன்றைக்கு மட்டும் அறுபது கூடை உப்பைத் தலையில் சுமந்துவிட்டு வந்தவள். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. கீதாஞ்சலிக்கும் சிரிப்பு வரவில்லை, போன வாரம் வரை அவளும் அதே கட்சி.

"சரி" என்றாள் பொன்னி. "ஊருக்கு உபதேசம் பண்றியே. உன் புள்ளைய மொதல்ல அவுரு."

"அவளுக்கு எங்க..." என்று சொல்லிக்கொண்டே கீதாஞ்சலி மகள் தர்ணிகாவை அருகில் இழுத்து இடுப்பில் கை வைத்தாள். முடிச்சு இருந்தது. காலையில் குளிப்பாட்டிவிட்டு அவளே கட்டியது. நாலு பிடி. யாருடைய முடிச்சை எப்படி அவிழ்க்கச் சொல்லலாம் என்று வாய் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, கை தன் பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்துவிட்டிருந்தது.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேலம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்துச் சிரித்தாள். கீதாஞ்சலிக்குக் காது மடல் வரை சுட்டது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. இருந்தாலும் முடிச்சை அவிழ்த்தாள். மகளைத் தூக்கிப் பையில் வைத்தாள். போன மாதம் பன்னிரண்டு கிலோ நானூறு கிராம், பச்சை. இப்போது முள் பன்னிரண்டைத் தொடாமல் நின்றது. பதினொன்று தொள்ளாயிரம்.

சுவரில் ஒட்டியிருந்த வண்ண அட்டையைப் படிக்க பொன்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "மஞ்சளு!" என்று கத்தினாள். "பாருங்கடி, சத்துமாவு குடுக்கிற கையி. ஊரு புள்ளைங்களுக்கு முட்டை உரிச்சுக் குடுத்துட்டு, தன் புள்ளையக் காயப் போட்டுட்டுப் படிக்கப் போயிருக்கா."

அந்த வார்த்தை நேராகப் போய்த் தைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாண்டிச்சேரியில் இருக்கும்போது தர்ணிகா பக்கத்து வீட்டில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடும். புருஷன் சடையப்பன் உப்பு லாரியில் லோடு ஏற்றப் போய்விடுவான்.

பொன்னிக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. "என் புள்ளையப் போடுறேன், பாரு. உப்பில்லாமயே போடுறேன். ராசா மாதிரி இருக்கான்" என்று சித்தார்த்தனின் முடிச்சை அவளே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பையனைத் தூக்கிப் பையில் உட்காரவைத்தாள். மூன்று வயதுப் பையன் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். முள் ஆடி ஆடி நின்றது. ஒன்பது கிலோ எழுநூறு.

பொன்னி முள்ளைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள். சத்தம் வேலம்மாளிடமிருந்துதான் வந்தது. "ஐயோ, செவப்பு."

தெருவில் சிவப்புப் பிள்ளையின் தாய் என்றால் பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்று அர்த்தம். பொன்னி பையனைப் பையிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்தாள். அவன் அழ ஆரம்பித்தான். "உன் தராசும் ரிப்பேரு, நீயும் ரிப்பேரு. என் புள்ளையோட எடைய ஊருக்குச் சொல்லிட்டே இல்ல, நல்லா இருப்படி நீ" என்றாள். வாசலைத் தாண்டியதும் திரும்பி நின்று, கையிலிருந்த முடிச்சை உதறி, மூன்று பிடி உப்பையும் வாசற்படியில் கொட்டிவிட்டுப் போனாள்.

கரைக்காத எடை உப்பை யாரும் தாண்ட மாட்டார்கள். உள்ளே இருந்த பெண்கள் பின்பக்கக் கதவு வழியாகப் பிள்ளைகளோடு வெளியேறினார்கள். பெருக்கச் சொன்னால் வேலம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். கீதாஞ்சலியே கூட்டி அள்ளிக்கொண்டுபோய்க் கழுவெளியில் கரைத்துவிட்டு வந்தாள். இருந்தும் மறுநாள் வந்தவை நாலு குழந்தைகள்தான், அதில் ஒன்று அவளுடையது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. சித்தார்த்தனுக்கு இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் மூன்றாம் நாள் போய்விட்டது, பழி மட்டும் போகவில்லை. "நம்ம வீட்டு ஜன்னல்ல கல்லடிச்சிட்டுப் போயிருக்காங்க. இந்தப் படிப்பு நமக்குத் தேவையா?" என்று சடையப்பன் கேட்டான்.

அடுத்த வாரம் சூபர்வைசர் ஆரோக்கியசெல்வி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தெருவிலிருந்து போன் போயிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தவள், வந்திருந்த நாலு குழந்தைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்ன கீதாஞ்சலி, சென்டரை இழுத்து மூடிடலாம்னு பிளானா?"

கீதாஞ்சலி பதிவேட்டையும் கோடு போட்ட தாள்களையும் எடுத்து முன்னால் வைத்தாள். உப்பைக் கழித்தால் ஆறு சிவப்பு வருகிறது என்று விளக்கினாள். ஆரோக்கியசெல்வி தாள்களைக் கையால்கூடத் தொடவில்லை.

"ரெண்டு வருஷமா இந்த ஏரியாவுல சிவப்பு ஜீரோன்னு மேல எழுதிக் குடுத்திருக்கேன். மீட்டிங்ல எழுந்து நிக்க வச்சு கை தட்டுனாங்க. இப்ப நீ வந்து ஆறுங்கிறே. அவங்க என்னைக் கேப்பாங்களா, உன்னைக் கேப்பாங்களா?"

"குழந்தைங்கள ஆஸ்பத்திரிக்குக் காட்டணும் மேடம்."

"காட்டு. யார் வேணாம்னா? கணக்குல காட்டாதே." குரலைத் தணித்துக்கொண்டாள். "இதோ பாரு. போன மாச எடையையே இந்த மாசத்துக்கும் போன்ல ஏத்திடு. அந்த நம்பர்லயே உன் அறிக்கையும் எழுதிக் குடு, இங்கேயே கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா என் கையெழுத்தை மறந்துடு. பதினெட்டு வருஷம் காத்திருந்து நான் உக்காந்த நாற்காலி இது. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி எட்டிப் புடிச்சிடலாம்னு பாக்கிறியா?"

கடைசி வார்த்தையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கீதாஞ்சலிக்குக் கோபம் வந்தது. ஆனால் ஐந்து வருடம் கண்ணுக்கு முன்னால் நின்றது. போனை எடுத்து எடை ஏற்றும் பக்கத்தைத் திறந்தாள். சித்தார்த்தன் என்று இருந்த இடத்தில் பத்து கிலோ நூறு என்று போட்டாள். உண்மையைச் சொன்னால், விரல் தடுக்கவில்லை. பொன்னி மேல் இருந்த ஆத்திரத்துக்கு அது சுலபமாகவே வந்தது. அடுத்த பெயர் தர்ணிகா. பன்னிரண்டு நானூறு. பன்னிரண்டு வரை போட்டாள். மகள் அந்த நேரம் பாயில் சுருண்டு படுத்திருந்தது. கவுன் விலகி, விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அதற்குமேல் விரல் நகரவில்லை. போட்டதை அழித்தாள். மேலே போய் சித்தார்த்தனுடையதையும் அழித்து, ஒன்பது எழுநூறு என்று போட்டாள். தர்ணிகாவுக்குப் பதினொன்று தொள்ளாயிரம். மற்றவர்களுக்கு 'எடை எடுக்கவில்லை'. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியபிறகு போனை மேசைமேல் வைத்தாள்.

"ஏத்திட்டேன் மேடம்."

ஆரோக்கியசெல்வி போனை எடுத்துப் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகும்போது, "நீ டிகிரி வாங்குறதை நான் பாத்துடுறேன்" என்றாள்.

கையெழுத்தில்லாத அறிக்கையை எடுத்துக்கொண்டு கீதாஞ்சலி கடைசி வெள்ளியன்று பாண்டிச்சேரிக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் மறுபடி பதிவு செய்யச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கூனிமேடு வரை அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் செத்தது என்று கேட்டாள். யாருமில்லை என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் எடை நாளில் தராசைத் தொங்கவிட்டுவிட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்றே உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரை மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. பொன்னி. இடுப்பில் சித்தார்த்தன். முகத்தில் அதே வெறுப்பு, ஒரு சொட்டுக் குறையவில்லை. வாசற்படியில் தான் உப்புக் கொட்டிய இடத்தைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"உப்புக் கொட்டாயில மூட்டை போடுற தராசுல இவன நிக்க வச்சேன்" என்றாள், கீதாஞ்சலியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. "முடிச்சோட ஒரு வாட்டி. முடிச்சில்லாம ஒரு வாட்டி. அப்புறம் முடிச்ச மட்டும் தனியா."

பொன்னியின் தாடை இறுகி இறுகித் தளர்ந்தது.

"பத்து வருசமா அந்தத் தராசுல உப்புதான் போட்டுக்கினு இருக்கேன். ஒரு நாளும் தோணல." பையன் இடுப்பில் கைவிட்டு முடிச்சை அவிழ்த்து மேசைமேல், பதிவேட்டின் மேலேயே வைத்தாள். "எழுது. செவப்புன்னே எழுது. எந்த ஆஸ்பத்திரி, எத்தினி மணிக்குப் போவணும், அதையும் எழுதிக் குடு. மத்தவளுங்க வருவாளுங்களான்னு என்னைக் கேக்காத. நான் யாரையும் கூட்டியார மாட்டேன்."

கீதாஞ்சலி சித்தார்த்தனைத் தூக்கிப் பையில் வைத்தாள். ஒன்பது அறுநூறு. இன்னும் நூறு இறங்கியிருந்தது. இரண்டு பேரும் ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுதிக் கொடுத்த சீட்டை பொன்னி ஒரு எழுத்து விடாமல் படித்தாள், முதல் மார்க் வாங்கியவள் படிக்கிற மாதிரி. மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"பெயிலாமே நீ?"

"கையெழுத்து கிடைக்கல. அடுத்த வருசம் திரும்ப எழுதணும்."

"எழுது. பாசாயி, சூபர்வைசர் ஆயி, இந்தத் தெருவ விட்டே தொலஞ்சி போ. உன் மூஞ்சிய தெனமும் பாக்க முடியல என்னால."

பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பொன்னி நடந்தாள். கீதாஞ்சலி மேசைமேல் இருந்த முடிச்சை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பதிவேட்டில் ஒன்பது அறுநூறு என்று எழுதினாள். பிறகு தர்ணிகாவைக் கூப்பிட்டாள். மகளின் இடுப்பில் அன்றைக்கு ஒன்றும் இல்லைதான், இருந்தாலும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டே தூக்கித் தராசில் வைத்தாள்.